ஜன்னல் கம்பியில் கருகமணி

786

தம்மாம்
15.2.1998

அன்பு மனைவி யாஸ்மினுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் நான் இங்கே நல்ல சுகம். நீயும் மகள் சானியாவும் அம்மாவும் சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறேன்.

பெருநாளுக்கு ரூமிலேயே பிரியாணி ஆக்கினோம். அடி பிடித்துவிட்டது. உன் கைப்பக்குவத்தை நினைத்துக்கொண்டே தின்று தீர்த்தோம். ஏசி வேலை இப்போது மந்தம்தான். வெயில் ஏறினால் மூச்சு விட நேரம் இருக்காது.

இந்தக் கடிதத்தோடு ஒரு பத்திரிகைக் கட்டிங் வைத்திருக்கிறேன். போடிக்காரர் ஒருவருக்கு ஊரிலிருந்து முறுக்கு டின் வந்தது. அதோடு பழைய வாரப் பத்திரிகைகளும் வந்தன. ஒன்றில், கடமலைக்குண்டு தாண்டி மலையடியில் பூட்டிக் கிடக்கிறதே மிஷன் மனநல ஆஸ்பத்திரி, அதைப் படம் படமாகப் போட்டிருக்கிறார்கள். ரூமில் எல்லாரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். 'சவூதிச் சம்பளம் கொடுத்தாலும் அங்கன ஒரு ராத்திரி படுக்க மாட்டேன்' என்றார் போடிக்காரர். திருச்சூர்க்காரன் சினிமா எடுக்க நல்ல இடம் என்றான். நான் அந்தப் பத்திரிகையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.

என் முதல் மனைவி அம்சத் அங்கே இருந்தது உனக்குத் தெரியாததல்ல. அவளுக்குப் பிள்ளை இறந்து பிறந்து, அதில் புத்தி பேதலித்துப் போனது, அந்த உறவு முடிந்தது எல்லாம் நிக்காஹ் பேசும்போதே உன் அத்தாவிடம் சொன்னதுதான். இப்போது அதைக் கிளறுவதற்காக எழுதவில்லை. உன் அண்ணன் ரபீக் இலவம்பஞ்சு லோடு ஏற்ற அந்தப் பக்கம் போகிறவர்தானே. ஆஸ்பத்திரியை மூடியபோது அங்கிருந்தவர்களை எங்கே அனுப்பினார்கள் என்று பேச்சுவாக்கில் விசாரிக்கச் சொல். சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

படங்களைப் பார்த்துவிட்டு உனக்கு என்ன தோன்றியது என்று எழுது. சானியாவுக்கு என் முத்தம்.

வஸ்ஸலாம்,
உன் நௌஷாத்


786

உத்தமபாளையம்
3.3.1998

அன்புள்ள மச்சானுக்கு யாஸ்மின் ஸலாம் சொல்லி எழுதிக்கொண்டது.

இங்கே எல்லாரும் சுகம். சானியாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. அத்தா வந்தால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். மாமிக்கு முழங்கால் வலி. நீங்கள் அனுப்பிய தைலத்தை ஊரெல்லாம் தேய்க்கக் கொடுத்துவிட்டு, தீர்ந்துவிட்டது என்று என்மேல் கோபப்படுகிறார்கள்.

படங்களைப் பார்த்துவிட்டு என்ன தோன்றியது என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது நீங்கள். பிறகு வருத்தப்படக் கூடாது.

பக்கத்து வீட்டு லூர்து மேரி டீச்சரிடம் காட்டினேன். சிலுவை போட்டுக்கொண்டார்கள். சுவரைப் பிளந்து இறங்கியிருக்கிற அரசமர வேரைப் பார்த்து, 'எத்தனை பேர் முட்டி அழுத சுவரோ' என்று கண் கலங்கினார்கள். மாமி பார்க்கவே மாட்டேன் என்றுவிட்டார்கள். 'அந்தச் சனியன எதுக்குடி வீட்டுக்குள்ள கொண்டாந்த? அடுப்புல போடு' என்றார்கள். எனக்கு அழுகையும் வரவில்லை, பயமும் வரவில்லை. வயிறுதான் எரிந்தது.

ஒவ்வொரு படத்திலும் அவள் முகத்தைத் தேடினேன் மச்சான். காலி ஆஸ்பத்திரியில் முகம் ஏது? இருந்தாலும் தேடினேன். உங்கள் பழைய பெட்டியில் கூட அவள் போட்டோ ஒன்றும் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் காணாத ஒரு முகத்தோடு மல்லுக்கு நிற்கிறேன். 'அம்சத் புளிக்குழம்பு வச்சா தெருவே மணக்கும்' என்று மாமி ஒரு நாள் வாய் தவறிச் சொன்னார்கள். அன்றிலிருந்து நான் புளிக்குழம்பு வைப்பதில்லை. நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ.

முகம் கிடைக்கவில்லை. வேறொன்று கிடைத்தது. மற்றப் பக்கங்கள் எல்லாம் மொடமொடவென்று இருக்கின்றன. ஒரு பக்கம் மட்டும் விரல் பட்டுப் பட்டு நைந்திருக்கிறது. பெண்கள் வார்டு, துருப்பிடித்த கட்டில், அதன் தலைமாட்டில் ஒரு ஜன்னல். கம்பியில் கறுப்பாக ஏதோ கட்டியிருக்கிறது. 'பேய்க்குப் பயந்து கட்டிய கயிறு' என்று கீழே அச்சடித்திருக்கிறான் புண்ணியவான். பேயாவது கயிறாவது! அது கருகமணி, நம் பெண்களுக்குத் தாலி. நடுவில் மூன்று பவளம். அப்படிக் கோப்பது இந்த ஊரில் என் மாமி ஒருத்திதான். என் கழுத்தில் கிடப்பதும் அதே கோப்புதான். கண்ணாடி முன் நின்று படத்தையும் கழுத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

முடிச்சையும் பார்த்தேன். ஊருக்கு வரும்போது பெட்டியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வருவீர்களே, யாராலும் அவிழ்க்க முடியாமல் கடைசியில் அரிவாள்மனையில் அறுப்போமே, அதே முடிச்சு.

எனக்கு மணி கட்டியது உங்கள் அம்மா. எல்லாருக்கும் அப்படித்தான். ஆனால் அவளுக்காக அந்த ஜன்னலில் கட்டியது நீங்கள். உங்கள் கையால் எனக்கென்று ஒரு நூலாவது கட்டியதுண்டா?

உறவு முடிந்திருந்தால் மணியைக் கழற்றி வாங்கி வந்திருக்க வேண்டும். அதுதானே நம் வழக்கம். ஜன்னலில் ஏன் தொங்குகிறது? தலாக் சொன்னீர்களா, இல்லையா? நான் உங்களுக்கு ஒரே மனைவியா, இரண்டாவது மனைவியா? இதற்குப் பதில் எழுதாமல் வேறு எதையும் எழுத வேண்டாம். தைலமும் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
யாஸ்மின்


786

தம்மாம்
22.3.1998

அன்பு யாஸ்மினுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் கிடைத்த அன்று வேலைக்குப் போகவில்லை.

தலாக் சொல்லவில்லை. அதுதான் உண்மை. தன் பெயரைக் கேட்டாலே சிரிக்கிறவளிடம் போய் எதைச் சொல்ல? நாக்கு எழவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் கழுத்தில் கையில் எதுவும் போட விடமாட்டார்கள். யாராவது இறுக்கிக்கொள்வார்கள் என்று பயம். மணியைக் கழற்றியபோது அவள் போட்ட கூச்சல் வார்டையே தூக்கியது. அதனால், படுத்தால் கண்ணில் படுகிற மாதிரி ஜன்னல் கம்பியில் கட்டினேன். அவிழ்த்து எடுக்க முடியாதபடி கட்டச் சொன்னது அவள்தான். அப்புறம்தான் அடங்கினாள். வெள்ளிக்கிழமை தோறும் ஜும்மா முடித்து, பன்னீர் திராட்சை வாங்கிக்கொண்டு போவேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

ஒரு தடவை அம்மா மட்டும் போனார்கள். அவள் கழுத்து வெறுமையாக இருந்ததைப் பார்த்தார்கள். ஜன்னலைப் பார்க்கவில்லை. எல்லாம் முடித்துவிட்டேன் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டு வந்து ஊரில் சொன்னார்கள். பெண் பார்க்கத் தொடங்கினார்கள். உன்னைக் காட்டினார்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

உன்னைக் கைப்பிடித்த பிறகு அங்கே போவதை நிறுத்திவிட்டேன். அது உனக்கு நான் கொடுத்த மரியாதை. நீ வேறு விதமாக நினைக்காதே. உன்மேல் சத்தியமாகச் சொல்கிறேன், என் மனதில் உன்னைத் தவிர யாருமில்லை.

பக்ரீத்துக்குச் சானியாவுக்கு நல்ல கவுன் எடு. மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதே.

வஸ்ஸலாம்,
உன் நௌஷாத்


786

உத்தமபாளையம்
20.4.1998

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பக்ரீத் நல்லபடியாக முடிந்தது. கவுன் எடுத்தாயிற்று. ரோஸ் கலர்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது மகன் மட்டும்தானா, தாயும் கூட்டா என்று மாமியைக் கேட்டேன். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவர்கள் உலக்கையை வைத்துவிட்டார்கள். 'கழுத்து மொட்டையா நின்னா ஆத்தா. நா என்னன்னு நெனப்பேன்? எம் புள்ள முடிச்சுட்டான்னுதான் நெனச்சேன். அவனும் வாயத் தொறக்கலயே!' என்று அழுதார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. வெறுங்கழுத்தைப் பார்த்தால் நம்மில் யாரும் அப்படித்தான் நினைப்போம். உங்களுக்கும் அது தெரியும். தெரிந்துதானே வாயை மூடிக்கொண்டீர்கள்?

பன்னீர் திராட்சை வாங்கிப் போன கதையை எனக்கு எதற்கு எழுதினீர்கள்? நம் ஊரில் தோட்டம் தோட்டமாகக் கிடக்கிறது. சானியா வயிற்றில் இருந்தபோது திராட்சை கேட்டேன். சளி பிடிக்கும் என்றீர்கள். அந்த வரியைப் படித்ததும் கடிதத்தை இரண்டாகக் கிழித்தேன். பிறகு ஒட்டி வைத்தேன்.

அண்ணன் லோடுக்குப் போனபோது நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். மாமியிடம் தர்காவுக்கு என்று சொன்னேன். இந்த வீட்டில் நானும் பொய் சொல்லப் பழகிவிட்டேன்.

செல்லப்பாண்டி என்று ஒருவர் அங்கே வாட்ச்மேனாக இருந்தவர். இப்போது உள்ளேயே ஆடு மேய்க்கிறார். கேட்டைத் திறந்துவிட்டார். படத்தில் பார்த்தால் பெரிதாகத் தெரிகிறது. நேரில் சின்ன இடம்தான். தரையெல்லாம் ஆட்டுப் புழுக்கை. பத்திரிகைக்காரன் புழுக்கையைப் பெருக்கிவிட்டுத்தான் படம் எடுத்திருப்பான். அவள் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன். ஜன்னல் வழியாக ரோடு தெரிகிறது. பஸ் திரும்புகிற வளைவு தெரிகிறது. உங்களுக்கு அது தெரிந்திருக்காது. நீங்கள் கம்பிக்கு வெளியே நின்றவர்.

முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. அவர் அரிவாளை நீட்டினார். வேண்டாம் என்று பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தேன். உதடு கிழிந்து ரத்தம் வந்துவிட்டது. அப்படி என்ன இறுக்கம் மச்சான்! உங்கள் கை பட்ட முடிச்சு என்று ஆத்திரத்தில் கடித்தேனா, மணி கோத்த நைலான் நூல் அறாமல் எடுக்கக் கடித்தேனா, எனக்கே தெரியவில்லை.

'இத ஏன் யாரும் எடுக்கல?' என்று கேட்டேன்.

'பேய்க்கயிறுன்னு எவனும் கிட்ட வர மாட்டான் தாயி. ஆனா அது பேய்க்கயிறு இல்ல. இங்கன இருந்த அம்சத்தம்மாவோடது. மூடுறப்போ, கூட்டிட்டுப் போக ஆளில்லாதவுகள எல்லாம் வேன்ல ஏத்தி, பெரியகுளத்துல சிஸ்டருக நடத்துற விடுதிக்கு அனுப்புனாக. இந்தம்மா கம்பியப் புடிச்சுக்கிட்டு வர மாட்டேன்னுச்சு. நா அறுத்துத் தாரேன், கையோட கொண்டு போன்னேன். வேணாம், அவுக தேடி வந்தா நா இங்கனதான் இருந்தேன்னு தெரியணும், இருக்கட்டும்னு விட்டுட்டுப் போயிருச்சு.'

மணி இப்போது என் கைப்பையில் இருக்கிறது. அவள் பெரியகுளத்தில் இருக்கிறாள். இங்கிருந்து ஒரு பஸ் மாறினால் போதும். இத்தனை வருஷமாக இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டா நான் அவள் முகத்தைத் தேடினேன்?

போய்ப் பார்க்கப் போகிறேன். அழகாக இருப்பாளோ என்று பயமாக இருக்கிறது. சிரிக்காதீர்கள்.

யாஸ்மின்


786

தம்மாம்
8.5.1998

அன்பு யாஸ்மினுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெரியகுளம் போக வேண்டாம். உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன். பார்த்தால் உனக்குத்தான் வேதனை. அவளுக்கு என்னையே நினைவிருக்காது. விசாரிக்கச் சொன்னது என் தப்பு. இருக்கிறாளா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றுதான் கேட்டேன். தெரிந்துவிட்டது. சிஸ்டர்கள் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள்.

அந்த மணியை வீட்டில் வைத்திருக்காதே. ஆற்றில் விட்டுவிடு. அதோடு நம்மைப் பிடித்ததும் போகட்டும். அடுத்து வரும்போது உனக்குத் தங்கத்தில் நல்ல செயின் வாங்கி வருகிறேன். நானே என் கையால் உன் கழுத்தில் போடுகிறேன். நீ கேட்டதும் அதுதானே.

இங்கே வெயில் ஏறிவிட்டது. இரண்டு ஷிப்ட் பார்க்கிறேன். பதில் உடனே போடு.

உன்,
நௌஷாத்


786

உத்தமபாளையம்
2.6.1998

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சானியாவுக்கு ஒரு பல் முளைத்துவிட்டது. மாமிக்கு வலி தேவலை.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வந்த பிறகுதான் போனேன்.

பெரியகுளத்தில் இப்போது ரோட்டோரமெல்லாம் மாம்பழம். விடுதியின் பின்கட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். சிஸ்டர் கை காட்டும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. தலையில் முக்காடு போட்டிருந்தவள் ஒருத்திதான். முடி நரைத்திருந்தது. அப்பாடா என்று நினைத்தேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, அல்லாஹ்வுக்குத் தெரியும், அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் நிமிர்ந்து சிரித்தாள். என் நினைப்பில் மண் விழுந்தது. அழகிதான் மச்சான்.

சீவல் மாதிரி ஒரே அளவாக நறுக்குகிறாள். கிறுக்கு ஒன்றும் தெரியவில்லை. மாத்திரை தவறாமல் போடுகிறாளாம், இங்கே வந்த பிறகு நன்றாகத் தேறிவிட்டாளாம். கூட்டிப்போக ஆள் வந்தால் எப்போதோ அனுப்பியிருப்போம் என்றார் சிஸ்டர்.

'எந்த ஊரு ஆத்தா?' என்று கேட்டாள்.

உத்தமபாளையம் என்றேன்.

'அங்கனதான் எங்க வீட்டுக்காரவுக இருக்காக. வெள்ளிக்கிழம வருவாக. இந்த இடம் அவுகளுக்குத் தெரியாதுல்ல, அதான் வரல.'

உங்களை நினைவில்லாதவள் பேசுகிற பேச்சா இது? எனக்கு அங்கேயே எழுந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது. பொறாமை மச்சான், அப்பட்டமான பொறாமை. நான் கூட உங்களுக்காக இப்படிக் காத்திருந்ததில்லை. டிராப்ட் தாமதமானால் வைவேன், கடிதம் தாமதமானால் வைவேன். இவள் யாரையும் வையவில்லை. இடம் தெரியாததால்தான் வரவில்லை என்று நம்பிக்கொண்டு மாங்காய் நறுக்குகிறாள்.

பையிலிருந்து மணியை எடுத்து அவள் மடியில் வைத்தேன். கத்தியைக் கீழே வைத்து, கையைப் புடவையில் துடைத்துவிட்டு எடுத்தாள். பவளத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு என் கழுத்தைப் பார்த்தாள். மணியைப் பார்த்தாள். திரும்ப என் கழுத்தைப் பார்த்தாள்.

'ஒனக்கும் எங்க மாமிதான் கோத்தாகளா?'

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் முகம் கொஞ்ச நேரம் எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வந்தது. கோபம் வரும், கத்துவாள் என்று பயந்தேன்.

'புள்ள இருக்கா?'

'ஒரு பொண்ணு.'

'உசுரோட இருக்காளா?'

'இருக்கா. பல்லு மொளைக்குது.'

'நல்லது ஆத்தா' என்றாள். கொஞ்சம் கழித்து மணியைக் காட்டி, 'ஜன்னல்ல இத அவுக பாத்தாகளா?' என்றாள்.

'பாத்தாக. படத்துல பாத்தாக.'

'பாத்துட்டு என்ன சொன்னாக?'

நான் என்ன சொல்ல மச்சான்? ஆற்றில் விடச் சொன்னாக என்றா?

'வாரேன்னாக' என்றேன். 'டிக்கெட் எடுத்துட்டு வாரேன்னாக.'

அவள் திரும்பி உட்கார்ந்து, முக்காட்டை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள். நான்தான் கட்டினேன். உங்கள் அம்மா இல்லை, நீங்கள் இல்லை, நான். யாருக்கும் இப்படி ஒரு வேலை வரக் கூடாது. முடிச்சு இரண்டு தடவை நழுவிவிட்டது. 'மெதுவாக் கட்டு, அவசரமில்ல' என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உங்கள் கடிதங்களைத் திரும்பப் படித்தேன். இத்தனை மாதம் நான் எதற்குப் பொறாமைப்பட்டேன் என்று எனக்கே விளங்கவில்லை. இறுக்கமான முடிச்சுக்கா? அதைப் போட்டுவிட்டுத்தானே நடையைக் கட்டினீர்கள். அதற்கு எனக்கு மரியாதை என்று பெயர் வைத்தீர்கள். என் தலையில் அதைக் கட்டாதீர்கள். நாளைக்கு எனக்கு ஒன்று ஆனால் என் மணியை எந்த ஜன்னலில் கட்டுவீர்கள்? வருகிறவளுக்கு என்ன மரியாதை செய்வீர்கள்?

தங்கச் செயின் வேண்டாம். இந்த வெயில் முடிந்ததும் லீவு போட்டு வாருங்கள். மதுரையில் இறங்கி நேரே வீட்டுக்கு வரக் கூடாது. முதலில் பெரியகுளம். வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். பன்னீர் திராட்சை வாங்கிக்கொண்டு போங்கள். அவளோடு வாழப் போகிறீர்களா, முறையாக முடித்து அவளுக்குச் சேர வேண்டியதைச் செய்யப் போகிறீர்களா, அதை அவள் முகத்துக்கு நேரே நின்று சொல்லுங்கள். அவளுக்கு எல்லாம் புரிகிறது. உங்கள் பெயரில் நான் ஒரு பொய் சொல்லி வந்திருக்கிறேன். அது பொய்யாகவே இருந்துவிடக் கூடாது.

இதை எழுதும்போதும் எனக்கு எரிகிறது. நீங்கள் அந்த வாசலில் நிற்பதையும் அவள் சிரிப்பதையும் நினைத்தாலே எரிகிறது. இருந்தாலும் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

வீட்டில் புளிக்குழம்பு வைக்கத் தொடங்கிவிட்டேன். தெரு மணக்கிறதா என்று தெரியவில்லை.

என் கருகமணியைக் கழற்றிவிட்டேன். மாமி தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். ஊர் பார்த்தால் என்ன நினைக்கும் என்றார்கள். ஊர் ஒரு தடவை கழுத்தை மட்டும் பார்த்து நினைத்தது போதும், இந்தத் தடவை ஜன்னலையும் பார்க்கட்டும் என்றேன். நம் படுக்கை அறை ஜன்னலில், தலைமாட்டுக் கம்பியில் கட்டியிருக்கிறேன். உங்கள் முடிச்சு எனக்கு இப்போது பழகிவிட்டது. நீங்கள் பெரியகுளத்தில் என்ன சொன்னீர்கள் என்று தெரிந்த பிறகு, அதை அவிழ்ப்பதா அங்கேயே விடுவதா என்று நான் முடிவு செய்வேன்.

ஜஸ்டின் ஸ்டுடியோக்காரரை வரவழைத்து ஒரு போட்டோ எடுத்தேன். இத்துடன் வைத்திருக்கிறேன். அறை சுத்தமாகத்தான் இருக்கிறது. கட்டிலில் நீங்கள் வாங்கி வந்த பூப்போட்ட விரிப்பு கிடக்கிறது. ஆள் மட்டும் இல்லை.

படத்தைப் பார்த்துவிட்டு உங்களுக்கு என்ன தோன்றியது என்று எழுதுங்கள்.

வஸ்ஸலாம்,
யாஸ்மின்